கண்ணாடிச் சுருளில் ஓடும் ரோஸ் நிறம்: வாசகர் கேள்வி பதில்

தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், அம்மோனியா ஆகியவற்றைத் தானியங்கி நிறமானியில் (ஆட்டோ அனலைசர்) அளப்பது பற்றிச் செட்டிநாட்டிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கல்லூரியில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் ஒவ்வொரு குடுவையாக நிறம் வரவழைத்துப் படித்தோம். ஆட்டோ அனலைசர் செய்வதும் அதே வேதியியல்தானா? அந்தக் குழாய்களுக்குள் காற்றுக் குமிழியை வேண்டுமென்றே விடுகிறார்களே, ஏன்?
(எம்.எஸ்சி. மாணவி, காரைக்குடி)

வேதியியல் அதேதான். நைட்ரைட்டுடன் சல்ஃபானிலமைடு, என்.இ.டி. என்ற இரண்டு வேதிப்பொருள்களும் சேர்ந்து ரோஸ் சாயம் தருவதும், அதை 540 நானோமீட்டரில் படிப்பதும் மாறவில்லை. பிப்பெட் பிடித்த உங்கள் கைக்குப் பதிலாக, குழாயை உருளைகளால் அழுத்தி நீரைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கரைசலுக்கும் தனித்தனியாக வளையும் குழாய் உண்டு. குழாயின் உள்விட்டம் எவ்வளவோ அதைப் பொறுத்து நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று கரைசல் போகும். மாதிரியும் நிறம் தரும் ரீயேஜென்ட்டும் கலந்து, கண்ணாடிச் சுருளில் சுற்றி, நிறம் ஏறி, ஒளிக்கலத்தைக் கடக்கின்றன.

குமிழிக்குக் காரணம் இது. மெல்லிய குழாயில் ஓடும் நீர் நடுவில் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போகும். ஒரு மாதிரியின் வால் சுவரில் ஒட்டி நின்று அடுத்த மாதிரியோடு கலந்துவிடும். சீரான இடைவெளியில் குமிழி விட்டால் ஓட்டம் சின்னச் சின்னத் துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டும் தனக்குள் நன்றாகக் கலக்கிறது, குமிழி சுவரைத் துடைத்துக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ் ரத்தப் பரிசோதனைக்காக உருவாக்கி 1957இல் வெளியிட்ட முறை இது. பிறகு தண்ணீர் ஆய்வுக்கும் வந்தது. 1975இல் ரூஸிச்காவும் ஹேன்சனும் குமிழியே இல்லாமல் மாதிரியைச் சிறு ஊசித் துளியாகச் செலுத்தும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது குட்டிக் கிண்ணங்களில் மைக்ரோலிட்டர் கணக்கில் கலக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

ஒன்றை மனதில் வையுங்கள். கையால் செய்யும்போது நிறம் முழுதாக வரும்வரை காத்திருந்தீர்கள். ஓடும் கருவியில் வினை முழுதாக முடிய வேண்டியதில்லை. மாதிரிக்கும், அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டுக்கும் ஒரே நேரம், ஒரே வெப்பம் கிடைத்தால் போதும். அதனால்தான் பம்ப் வேகமோ அறை வெப்பமோ நடுவில் மாறினால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே எண் மாறிவிடுகிறது.

கருவியை ஓடவிட்டதும் கணினித் திரையைப் பார்க்காதீர்கள், சுருளைப் பாருங்கள். நல்ல குமிழி குழாயை அடைத்துக்கொண்டு, இரண்டு முனையும் உருண்டையாக, சம இடைவெளியில் வரிசையாகப் போகும். பின்முனை தட்டையாகவோ பிசிறாகவோ இருந்தாலும், இரண்டாக உடைந்தாலும், கண்ணாடி அழுக்கு, அல்லது நனைப்பான் (நீர் சுவரை நன்றாக நனைக்கச் சேர்க்கும் பொருள்) குறைவு என்று பொருள். நைட்ரேட் வரிசையில் பிரிஜ்-35 என்ற நனைப்பானின் 30 சதவீதக் கரைசலை லிட்டருக்கு அரை முதல் 1 மி.லி. வரை சேர்ப்பது வழக்கம். பாஸ்பேட் வரிசைக்கு அதைப் போடாமல் சோடியம் டோடெசைல் சல்பேட் பயன்படுத்துங்கள்.

கேள்வி: காலையில் நைட்ரேட் ஸ்டாண்டர்டு சரியாக வருகிறது. மதியத்துக்குள் பீக் (திரையில் எழும் முகடு) உயரம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. ஸ்டாண்டர்டைப் புதிதாகச் செய்து போட்டாலும் அதே நிலைதான். எங்கே தேடுவது?
(ஆய்வக உதவியாளர், தேவகோட்டை)

பெரும்பாலும் காட்மியம் குழலில்தான். ரோஸ் சாயம் நைட்ரைட்டுக்கு மட்டுமே வரும். நைட்ரேட்டை முதலில் செம்பு பூசிய காட்மியம் துகள்களின் வழியே விட்டு நைட்ரைட் ஆக்குகிறோம். குழல் சோர்ந்தால் நைட்ரேட்டில் ஒரு பங்கு மாறாமலே போய்விடும், அந்தப் பங்குக்கு நிறம் வராது.

ஆனால் ஊகித்துக்கொண்டு குழலைப் பிரிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே நைட்ரஜன் அளவில் இரண்டு ஸ்டாண்டர்டு தயாரியுங்கள். உலர்த்திய பொட்டாசியம் நைட்ரேட் 0.7218 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. நைட்ரஜன். சோடியம் நைட்ரைட் 0.4925 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தாலும் அதே 100. இரண்டையும் லிட்டருக்கு 1 மி.கி. அளவுக்கு நீர்க்கச் செய்து அடுத்தடுத்து ஓட்டுங்கள். நைட்ரைட் பீக் காலையில் இருந்தபடியே நிற்க, நைட்ரேட் மட்டும் இறங்கினால் கோளாறு குழலில். இரண்டும் சேர்ந்து இறங்கினால் குழலைத் தொடாதீர்கள். சாயக் கரைசலையோ பம்ப் குழாயையோ விளக்கையோ பாருங்கள். நைட்ரேட் பீக் நைட்ரைட் பீக்கில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் குழலைப் புதுப்பிக்க வேண்டியதுதான். 100க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். நைட்ரைட் உப்பு பழசாகிக் காற்றில் நைட்ரேட்டாக மாறியிருக்கலாம். அல்லது புதுக் குழல் முரட்டுத்தனமாக வேலை செய்து நைட்ரைட்டையும் தாண்டிக் கீழே இறக்கியிருக்கலாம்.

புதுப்பிக்கும் முறை: துகள்களை அசிட்டோனில் அலசி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். பிறகு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, அமிலம் போகும்வரை நீரில் கழுவுங்கள். 2 சதவீத காப்பர் சல்பேட் கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். நீலம் வெளுத்ததும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பழுப்பு நிறத் தூள் மிதக்கத் தொடங்கும்போது நிறுத்தி, அந்தத் தூள் போகும்வரை மென்மையாகக் கழுவுங்கள். இங்கே அவசரப்பட்டுக் குலுக்கினால் பூசிய செம்பும் கழன்றுவிடும். குழலில் நிரப்பும்போது துகள்கள் எப்போதும் பஃபருக்குள் (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் கரைசல்) மூழ்கியே இருக்க வேண்டும். நிரப்பியபின் உயர்ந்த நைட்ரேட் ஸ்டாண்டர்டைச் சிறிது நேரம் ஓட்டிப் பழக்கிவிட்டு அளவிடத் தொடங்குங்கள்.

குழல் இவ்வளவு சீக்கிரம் சோர்வதற்குக் காரணம் வேறு. உங்கள் கடிதத்தில் மாதிரிகளைச் சல்ஃப்யூரிக் அமிலம் விட்டுப் பாதுகாப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பி.எச். 2க்குக் கீழே இருக்கும் மாதிரியை அப்படியே செலுத்தினால் பஃபரால் தாங்க முடியாது, செம்புப் பூச்சு கெட்டுவிடும். ஓட்டுவதற்கு முன் காரம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். சேர்த்த காரத்தின் கன அளவையும் கணக்கில் எடுங்கள். அமோனியம் குளோரைடு பஃபரின் பி.எச். 8.5இல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காற்று உள்ளே போவது அடுத்த எதிரி. காலையில் பஃபர் ஓடத் தொடங்கிய பிறகே வால்வைக் குழல் பக்கம் திருப்ப வேண்டும். மாலையில் குழாய்களைப் பஃபரிலிருந்து எடுப்பதற்கு முன்பே வால்வை மாற்றிவிட வேண்டும். சாக்கடை வாடை அடிக்கும் மாதிரியில் இருக்கும் சல்ஃபைடும், ஹோட்டல் கழிவின் எண்ணெயும் துகளின் மேல் படிந்து அதை மூடிவிடும்.

காட்மியம் கடுமையான நச்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழுவிய நீரையும் குழலைத் தாண்டி வரும் கழிவையும் தனிக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். நம் ஊர்களில் வாய்க்கால் எதுவும் கடைசியில் ஒரு கண்மாயிலோ ஊருணியிலோதான் போய் நிற்கும். எந்தத் தண்ணீரைக் காக்க அளக்கிறோமோ அதிலேயே காட்மியத்தைக் கொட்டக் கூடாது.

கேள்வி: மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டுப் போர் தண்ணீரை இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றில் நைட்ரேட் 9.6, இன்னொன்றில் 42 என்று போட்டிருக்கிறார்கள். யாரை நம்புவது? காய்ச்சிக் குடித்தால் போதுமா?
(இல்லத்தரசி, கோட்டையூர்)

ஆச்சி, இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆய்வகம் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்கிறது. அடுத்தது முழு நைட்ரேட்டின் எடையைச் சொல்கிறது. நைட்ரஜன் கணக்கை 4.43ஆல் பெருக்கினால் நைட்ரேட் கணக்கு வரும். 9.6ஐப் பெருக்கிப் பாருங்கள், 42.5. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'நைட்ரஜனாக' என்றோ 'நைட்ரேட்டாக' என்றோ எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு சொல் இல்லாத ரிப்போர்ட் பயன்படாது. இதை ஆய்வகங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, நைட்ரேட்டாக லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் அனுமதிப்பதில்லை. நைட்ரஜனாகச் சொன்னால் 10.2 அளவு. உங்கள் தண்ணீர் வரம்புக்குள் இருந்தாலும் விளிம்பில் நிற்கிறது. அளவீட்டில் 5 சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டும்போது நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இந்த நீரைப் பயன்படுத்தாதீர்கள். நைட்ரேட் மிகுந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் கொடுப்பதில் தடையில்லை. ஆர்.ஓ. வைத்திருந்தால் அதிலிருந்து வெளிவரும் நீரையும் ஒருமுறை அளக்கக் கொடுங்கள். சவ்வு பழசானால் நைட்ரேட் கசியும். போருக்கு அருகில் செப்டிக் டேங்கோ மாட்டுக் கொட்டிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மாணவர்களை வைத்து எங்கள் ஊருணியில் பாஸ்பேட் அளந்தோம். ஒரே பாட்டில் தண்ணீரிலிருந்து எடுத்த மூன்று அளவுகள் மூன்று விதமாக வருகின்றன. மழை நாளில் தண்ணீர் செம்மண்ணாக இருக்கிறது, அதுதான் காரணமா?
(பள்ளி ஆசிரியர், கானாடுகாத்தான்)

அதுவும் ஒரு காரணம். வரத்துக்காலில் அடித்துவரும் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டிலில் மண் அடியில் தங்கியிருக்க, மேலே தெளிந்ததை எடுத்தால் ஒரு எண் வரும். குலுக்கி எடுத்தால் வேறு எண் வரும். கரைந்திருக்கும் பாஸ்பேட்தான் வேண்டும் என்றால், எடுத்த இடத்திலேயே, ஊருணிக் கரையிலேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டிவிடுங்கள். பள்ளிக்குக் கொண்டுபோய் மதியம் வடிகட்டினால் அதற்குள் மண் பாதியைக் குடித்திருக்கும். வடிதாளிலிருந்தே சில நேரம் சத்துக்கள் கசியும் என்பதால் முதலில் வரும் 20, 30 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள்.

மாதிரியைப் படித்துறையில் எடுக்காதீர்கள். கால் பட்டுக் கலங்கிய நீர் அங்கேதான் நிற்கும். நீளக் கம்பில் கட்டிய குவளையால் தள்ளி, மேற்பரப்புக்கு ஒரு அடி கீழே எடுங்கள். பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். பாட்டிலைச் சோப்புத்தூளில் கழுவுவது பாஸ்பேட் ஆய்வைக் கெடுப்பதற்கு மிக எளிய வழி. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசினால் போதும்.

நிறம் வரவழைக்கும் கலவையையும் சரிபாருங்கள். மர்ஃபியும் ரைலியும் 1962இல் வகுத்த முறை இன்றும் நிற்கிறது. 100 மி.லி. கலவைக்கு 5 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம் 50 மி.லி., ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட் கரைசல் 5 மி.லி. (500 மி.லி.யில் 1.3715 கிராம்), அமோனியம் மாலிப்டேட் 15 மி.லி. (500 மி.லி.யில் 20 கிராம்), அஸ்கார்பிக் அமிலம் 30 மி.லி. (100 மி.லி.யில் 1.76 கிராம்). இந்த வரிசையிலேயே ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் பிறகு கலக்குங்கள். கலவை நாலு மணி நேரம்தான் தாங்கும், அஸ்கார்பிக் அமிலம் குளிர்பெட்டியில் ஒரு வாரம். 5 நார்மல் அமிலம் செய்ய 70 மி.லி. அடர் அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக விட்டு, ஆறியபின் 500 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. இந்த ஒரு வேலையை மாணவர்களிடம் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள்.

50 மி.லி. மாதிரிக்கு 8 மி.லி. கலவை. கலவை சேர்த்ததிலிருந்து 10 நிமிடத்துக்குக் குறையாமல், 30 நிமிடத்தைத் தாண்டாமல், எழும் நீலத்தை 880 நானோமீட்டரில் படியுங்கள். உங்கள் மூன்று அளவுகளில் ஒன்றை 5ஆம் நிமிடத்திலும் இன்னொன்றை 40ஆம் நிமிடத்திலும் படித்திருந்தால், அந்த வேறுபாட்டுக்கு ஊருணி பொறுப்பல்ல. நீரே பழுப்பாக இருந்தால், அஸ்கார்பிக் அமிலமும் டார்ட்ரேட்டும் இல்லாத கலவையை இன்னொரு பங்கு மாதிரியில் சேர்த்துப் படித்து அந்த எண்ணைக் கழித்துவிடுங்கள். வெறும் காய்ச்சி வடித்த நீரே நீலமானால் குற்றம் நீரிலோ பாத்திரத்திலோ இருக்கிறது, அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள். கடையில் விற்கும் கேன் தண்ணீர் இதற்கு உதவாது.

தானியங்கிக் கருவியில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாலிப்டினம் நீலம் (பாஸ்பேட் ஆய்வில் எழும் அந்த நீலம்) ஒளிக்கலத்தின் சுவரில் படியும், பேஸ்லைன் (மாதிரி இல்லாதபோது வரும் அடிக்கோடு) மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். நாள் முடிவில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை ஓட்டி, பிறகு நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: சிலிக்கேட் மாதிரிகளை ஃப்ரீஸரில் வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அளவு குறைவு. ஏன்?
(ஆராய்ச்சி மாணவர், பள்ளத்தூர்)

உறையும்போது சிலிக்கேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நீண்டுவிடும். மாலிப்டேட்டோடு சேர்வது தனி மூலக்கூறுதான், சங்கிலி சேராது. சிலிக்கேட் மாதிரியை உறையவிடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். கண்ணாடி பாட்டிலே சிலிக்காதான், அதனால் பிளாஸ்டிக்கைத் தவிர வேறெதிலும் எடுக்காதீர்கள். உறைந்துவிட்டவற்றை அறை வெப்பத்தில் இளக்கி, ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு ஓட்டினால் ஓரளவு மீளும்.

கேள்வி: கடல்நீர் மாதிரியில் நைட்ரேட் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. சில பீக்குகளின் இரு ஓரத்திலும் கொம்பு முளைத்தது போல் கூர்முனைகள். அம்மோனியாவோ நாளுக்கு நாள் தாறுமாறு.
(ஆய்வாளர், தொண்டி)

கொம்புகள் நிறத்தால் வருபவை அல்ல, உப்பால் வருபவை. நன்னீரிலிருந்து உப்பு நீருக்கு மாறும் இடத்தில் ஒளி வளைகிறது, கருவி அதை நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. இடையில் ஓடும் கழுவு நீரும், பிளாங்க்கும் (அளக்கும் பொருள் இல்லாத வெறும் நீர்), ஸ்டாண்டர்டும் மாதிரியின் உப்பளவிலேயே இருந்தால் கொம்பு மறையும். லிட்டருக்கு 35 கிராம் சோடியம் குளோரைடு கரைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் மலிவான உப்பில் நைட்ரேட்டும் அம்மோனியாவும் இருக்கும், அப்படியானால் பிளாங்க் உயர்ந்து மாதிரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். உங்களுக்கு நடப்பது அதுவாகவே இருக்கும். உப்பு நீரையும் சுத்த நீரையும் அடுத்தடுத்து ஓட்டி எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பாக் நீரிணையில் வடகிழக்குப் பருவமழையின்போது உப்பளவு இறங்கும். ஆகவே கோடையில் தயாரித்த ஸ்டாண்டர்டு வரிசையை மார்கழி மாதிரிக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

அம்மோனியாவுக்கு வருவோம். அம்மோனியாவைக் காட்டும் இண்டோஃபீனால் நீலம் காரத்தில்தான் உருவாகும். காரம் பட்டதும் கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் வெண்மையாகப் படிந்து குழாயை அடைக்கும். சிட்ரேட் கரைசலை முதலில் சேர்த்து அவற்றைப் பிடித்து வைக்க வேண்டும். கடினத்தன்மை மிகுந்த கிணற்று நீருக்கும் இது பொருந்தும். ஹைப்போகுளோரைட் கரைசல் பாட்டிலைத் திறக்கத் திறக்க வலுவிழக்கும், அதைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். தாறுமாறுக்குக் காற்றும் காரணமாகலாம். தரை துடைக்கும் திரவம், சிகரெட் புகை, பக்கத்து மேசையில் திறந்து வைத்த அமோனியம் குளோரைடு பஃபர் என எல்லாவற்றிலிருந்தும் அம்மோனியா மாதிரிக் கிண்ணத்துக்குள் இறங்கும். கிண்ணங்களை மூடி வையுங்கள். நைட்ரேட் பஃபர் தயாரிக்கும் அறையில் அம்மோனியா அளக்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஓட்டத்தில் 60 மாதிரி போடுகிறோம். நடுவில் எங்கே தடம் மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மின்சாரம் போய் வந்தால் தொடரலாமா?
(ஆய்வகப் பொறுப்பாளர், காரைக்குடி)

10 மாதிரிக்கு ஒருமுறை நடு அளவு ஸ்டாண்டர்டு ஒன்றும் பிளாங்க் ஒன்றும் வையுங்கள். ஸ்டாண்டர்டு 10 சதவீதத்துக்கு மேல் விலகினால், கடைசியாகச் சரியாக வந்த இடத்துக்குப் பிறகுள்ள அத்தனை மாதிரியையும் திரும்ப ஓட்டுங்கள். மென்பொருளே டிரிஃப்ட்டைத் திருத்திவிடும் என்று விடாதீர்கள். அது சீரான சரிவைத்தான் திருத்தும், திடீர்ச் சரிவைத் திருத்தாது.

ஓட்டத்தின் தொடக்கத்தில் உயர்ந்த ஸ்டாண்டர்டு ஒன்று, அடுத்துத் தாழ்ந்தது இரண்டு வையுங்கள். தாழ்ந்த இரண்டில் முதலாவது கூடுதலாக வந்தால் முந்தைய மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள், கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்துக் கிணற்று நீருக்கு அடுத்து ஊருணி நீர் வைத்திருந்தால் அந்த ஊருணி எண்ணை ஐயத்தோடு பாருங்கள். மேல் ஸ்டாண்டர்டைத் தாண்டிய மாதிரியை நீர்க்கச் செய்து திரும்ப ஓட்டுங்கள், கோட்டை நீட்டிக் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு மாதிரியில் தெரிந்த அளவு நைட்ரேட் சேர்த்து, அது 90 முதல் 110 சதவீதம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கருவியால் எவ்வளவு குறைவாகப் பார்க்க முடியும் என்பதற்கு, மிகத் தாழ்ந்த ஸ்டாண்டர்டை ஏழு முறை ஓட்டி, திட்டவிலக்கத்தை 3.143ஆல் பெருக்குங்கள். அதற்குக் கீழே வரும் எண்ணை ரிப்போர்ட்டில் எண்ணாக எழுதக் கூடாது.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் குமிழி வரிசை கலைந்துவிடும், சூடேற்றும் சுருள் ஆறிவிடும். பம்ப்பையும் சூடேற்றியையும் யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். நின்றுவிட்டால், பேஸ்லைன் மீண்டும் நேராகும்வரை காத்திருந்து, ஸ்டாண்டர்டு வரிசையை முதலிலிருந்து ஓட்டித்தான் தொடர வேண்டும். வெகுநேரம் வராது என்று தெரிந்தால் முதல் வேலையாகக் காட்மியம் குழலை வால்வால் பிரித்துவிடுங்கள், அடுத்துப் பம்ப்பின் அழுத்துத் தட்டைத் தளர்த்துங்கள். உருளைகளுக்கு அடியில் ஓர் இரவு நசுங்கிக் கிடந்த குழாய் மறுநாள் பழைய அளவில் நீரை இழுக்காது.